விமான விபத்துக் குடும்பங்களுக்காகப் பேசுவது யார்? திருச்சியிலிருந்து ஒரு சட்ட வரலாறு

2018 அக்டோபர் 12 அதிகாலை. திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 611 விமானம், ஓடுபாதை முடியும் இடத்தில் இருந்த ஆன்டெனாவையும் விமான நிலையச் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டே மேலேறியது. உள்ளே 130 பயணிகளும் 6 பணியாளர்களும் இருந்தார்கள். அடிவயிறு கிழிந்த விமானம் சுமார் நான்கு மணி நேரம் பறந்து மும்பையில் இறங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது தலைமை விமானியின் இருக்கைச் சாய்மானம் பின்னுக்குச் சரிந்ததில் எஞ்சின் விசை தவறுதலாகக் குறைந்துபோனது என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபர் 11 மாலையில், ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட 613 விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. 141 பேரைச் சுமந்தபடி இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் திருச்சி வானத்தில் வட்டமடித்து எரிபொருளைக் கரைத்துவிட்டு, அதுவும் பத்திரமாகத் தரையிறங்கியது.

இரண்டு முறையும் ஊர் தப்பியது. தப்பியிருக்காவிட்டால் அந்தக் குடும்பங்களின் சார்பில் வழக்கு நடத்துவது யார்? எந்த ஊர் நீதிமன்றத்தில், எந்தச் சட்டப்படி, யார் செலவில்? இந்தக் கேள்வி திருச்சிக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. இங்கிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பறப்பவர்களில் பெரும்பகுதி மணப்பாறை, முசிறி, துறையூர், பெரம்பலூர், புதுக்கோட்டைப் பக்கத்துத் தொழிலாளர்கள். வீட்டின் ஒரே சம்பளம் பெரும்பாலும் அந்த இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கும்.

விமான விபத்து இழப்பீட்டுச் சட்டத்தின் வரலாறு பெரும்பாலும் தொகைகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. எவ்வளவு இருந்தது எவ்வளவு ஆனது என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் கடந்த தொண்ணூறு ஆண்டு வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், குடும்பத்தின் கைக்கு வந்த தொகையைத் தீர்மானித்ததில் சட்டப் புத்தகத்தின் எண்ணுக்கு நிகரான பங்கு, அந்தக் குடும்பத்தின் பக்கம் நின்று வாதாடியவருக்கும் இருந்திருக்கிறது.

பயணச்சீட்டு நிபந்தனையில் தோற்ற வழக்கு

1930-களின் பிற்பகுதியில் டாடா நிறுவனத்தின் அஞ்சல் விமானங்கள் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்புக்குப் பறந்துகொண்டிருந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1929 அக்டோபர் 12 அன்று, வார்சாவில் ஒரு சர்வதேச ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. விபத்து நடந்தால் நிறுவனத்தின் தவறைப் பயணி நிரூபிக்க வேண்டியதில்லை. அதற்கு ஈடாக, நிறுவனம் கொடுக்க வேண்டிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. இதுதான் அந்த ஒப்பந்தத்தின் சாரம். வரம்பு 1,25,000 தங்க பிராங்க். பிற்கால மதிப்பில் ஏறத்தாழ 8,300 டாலர். பிள்ளைப் பருவத்தில் இருந்த விமானத் தொழிலைக் காப்பாற்றுவதே நோக்கம். பிரிட்டிஷ் இந்தியா 1934-ஆம் ஆண்டின் இந்திய வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தின் மூலம் இதை ஏற்றது.

அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்கு மட்டுமே உரிமை கொடுத்தது. விமானச் சட்டமோ தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, சகோதர சகோதரி வரை குடும்பத்தை விரித்தது. தம்பியின் படிப்பையும் தங்கையின் திருமணத்தையும் அண்ணன் சம்பளத்தில் நடத்தும் நம் வீடுகளுக்கு இந்தப் பட்டியல் இன்றும் முக்கியம்.

1950 தமிழர்களுக்கு இரட்டைத் துயரம் தந்த ஆண்டு. ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே டி.டபிள்யூ.ஏ. விமானம் விழுந்து 55 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணிதவியலாளர் மாநாட்டுக்குச் சென்றுகொண்டிருந்த எஸ்.எஸ். பிள்ளை அவர்களில் ஒருவர். செங்கோட்டை அருகே வல்லத்தில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, எண் கோட்பாட்டில் உலகப் பெயர் பெற்றவர். டிசம்பர் 13 அன்று கோத்தகிரி மலையில் ஏர் இந்தியாவின் டகோட்டா மோதி 21 பேர் இறந்தார்கள். கெய்ரோ போன்ற சர்வதேசப் பயணத்திலாவது வார்சா வரம்பு வரையிலான உரிமை இருந்தது. உள்நாட்டுப் பயணத்துக்கு அதுவும் இல்லை.

அந்த வெற்றிடம் எவ்வளவு கொடியது என்பதை 1953 டிசம்பர் 12 அன்று நாக்பூரில் நடந்த இரவு அஞ்சல் விமான விபத்து காட்டியது. கணவரை இழந்த ஒரு பெண் கல்கத்தாவில் வழக்குத் தொடுத்தார். முதல் நீதிமன்றம் இழப்பீடு தந்தது. மேல்முறையீட்டில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பயணச்சீட்டில் அச்சாகியிருந்த நிபந்தனை நிறுவனத்தை எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவித்திருக்கிறது, அப்படி ஒப்பந்தம் செய்துகொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்பதே காரணம். 1964-ல் வந்த இந்தத் தீர்ப்பை, நம் நாட்டு விமானச் சட்டம் எந்த இடத்திலிருந்து நடக்கத் தொடங்கியது என்பதற்குச் சான்றாகச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த விமானம் சின்னமனூர் அருகே மலையில் மோதியது. மறு ஆண்டு, 1972-ல், நாடாளுமன்றம் புதிய வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தை நிறைவேற்றியது. 1973 முதல் அதன் விதிகள் உள்நாட்டுப் பயணத்துக்கும் வந்தன. பயணச்சீட்டு நிபந்தனையைக் காட்டிக் கைகழுவும் காலம் அத்துடன் முடிந்தது. அந்த 1973 மே 31 அன்றே, சென்னையிலிருந்து டெல்லி சென்ற போயிங் 737 பாலம் விமான நிலையம் அருகே விழுந்து 48 பேர் இறந்தார்கள். சென்னையின் முன்னாள் அட்வகேட் ஜெனரலும் மத்திய அமைச்சருமான மோகன் குமாரமங்கலம் அதில் மறைந்தார். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்களின் வீட்டுக்கும் இந்தச் சட்டம் தேவைப்பட்டது.

வரம்பை உடைத்த வாதம்

உள்நாட்டுப் பயணிக்கான உச்சவரம்பு 1980-களில் 2 லட்சம் ரூபாய். பிறகு 5 லட்சம், 7.5 லட்சம், 2014-ல் 20 லட்சம் என உயர்ந்தது. 1988 அக்டோபர் 19 அன்று அகமதாபாத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 133 பேர் இறந்தபோது, குடும்பங்களுக்கு முன்னால் வைக்கப்பட்டது 2 லட்சம்தான்.

சிலர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. விபத்து நடக்கக்கூடும் எனத் தெரிந்தும் பொறுப்பின்றி நடந்துகொண்டால் வரம்பு பொருந்தாது என்று சட்டத்தின் 25-ஆம் விதி சொல்கிறது. மூடுபனியில் ஓடுபாதை தெரியாத நிலையிலும் விமானம் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறக்கப்பட்டதைக் காட்டி, அந்த விதியைத் திறவுகோலாக எடுத்தார்கள் அவர்களின் வழக்கறிஞர்கள். 2009-ல் குஜராத் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றது. விபத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே 21 ஆண்டுகள். அந்த விதி சட்டத்தில் முதலிலிருந்தே இருந்தது. அதை எடுத்து வாதிட ஆள் கிடைத்த குடும்பங்களுக்கே அது பயன்பட்டது.

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவரும் போபால் வழக்கும்

பேரழிவில் பாதிக்கப்பட்டவர்களுக்காக யார் பேசுவது என்ற கேள்வியை இந்தியா மிகப் பெரிய அளவில் சந்தித்தது ஒரு விமான விபத்தில் அல்ல, 1984 டிசம்பரில் போபாலில். நச்சுவாயு கசிந்த சில நாட்களுக்குள் அமெரிக்க வழக்கறிஞர்கள் வந்திறங்கி வக்காலத்துகளில் கைரேகை வாங்கினார்கள். இந்திய அரசு 1985-ல் தனிச் சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்ட அனைவரின் சார்பிலும் தானே வழக்கு நடத்தும் உரிமையை எடுத்துக்கொண்டது. அப்போது இந்தியாவின் அட்டர்னி ஜெனரல், 1927-ல் ஸ்ரீரங்கத்தில் பிறந்த கே. பராசரன். வழக்கை இந்தியாவிலேயே நடத்தலாம் என்று நியூயார்க் நீதிபதி ஜான் கீனன் 1986 மே மாதம் திருப்பி அனுப்பினார். 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு உச்ச நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமலே செய்த சமரசம் என்ற மனக்குறை அந்த மக்களிடம் இன்றுவரை மாறவில்லை.

அரசே வழக்கறிஞராகும் இந்த முறையைச் சட்டரீதியாகச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1989 டிசம்பரில் உறுதி செய்தது. ஆயினும் விமான விபத்துகளில் இந்தியா அந்த வழியில் போகவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் வழக்கறிஞரைத் தானே தேடிக்கொள்கிறது. கேட்காமல் பேசிவிடும் ஆபத்து இதில் இல்லை. ஆனால் தேடத் தெரியாத குடும்பத்துக்குப் பேச ஆளே இல்லாமல் போகும் ஆபத்து உண்டு.

மங்களூர்: வரம்பு எது, அடிமட்டம் எது

1999 மே 28 அன்று உருவான மாண்ட்ரியல் ஒப்பந்தம் வார்சாவின் கணக்கைத் தலைகீழாக்கியது. குறிப்பிட்ட தொகை வரை நிறுவனம் தன் தவறே இல்லை என்று வாதிட முடியாது. அதற்கு மேல் கோரினால், தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்பதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். மேல்வரம்பு கிடையாது. இந்தியாவில் இது 2009 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஓராண்டு முடிவதற்குள், 2010 மே 22 அன்று, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூர் மேட்டு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். புதிய சட்டத்தின் முதல் பெரிய சோதனை இதுதான்.

அப்போது முதல் அடுக்கின் அளவு 1 லட்சம் எஸ்.டி.ஆர். இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 75 லட்சம் ரூபாய். மகனை இழந்த ஒரு குடும்பத்தின் மனுவில், இறந்தவரின் வருமானம் எதுவானாலும் இந்தத் தொகை குறைந்தபட்ச உரிமை என்று கேரள உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2011 ஜூலையில் தீர்ப்பளித்தார். அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 1 லட்சம் எஸ்.டி.ஆர். என்பது கேள்வியின்றிக் கையில் கொடுக்கும் தொகையல்ல, நிரூபித்த இழப்பை நிறுவனம் மறுக்க முடியாத எல்லை என்பது அந்த அமர்வின் விளக்கம். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் “தலைக்கு இத்தனை கோடி கட்டாயம் கிடைக்கும்” என்று ஊடகங்கள் எழுதுவது எவ்வளவு தவறு என்பதை இதிலிருந்து அறியலாம். எல்லை இப்போது 1,51,880 எஸ்.டி.ஆர். ஆக உயர்ந்திருக்கிறது. ஆனால் சம்பளத்தையும் சார்ந்திருந்தவர்களையும் நிரூபிக்கும் சுமை அப்படியே இருக்கிறது.

அதே விபத்தில் இறந்த, ஐக்கிய அரபு எமிரேட்ஸில் உயர் பதவியில் இருந்த ஒருவரின் குடும்பம் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. 2020 மே 20 அன்று, நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்தக் குடும்பத்துக்கு 7.64 கோடி ரூபாயும் 9 சதவீத வட்டியும் வழங்கியது. சம்பளத்தின் ஒவ்வொரு படியையும் வருமானமாகக் கணக்கிட வேண்டும், நிறுவனங்கள் பல தலைப்புகளில் பிரித்துக் கொடுப்பதால் அவற்றைக் கழித்துவிடக் கூடாது என்ற வாதம் அங்கே வென்றது.

சம்பளச் சீட்டும் நியமனக் கடிதமும் இருந்த குடும்பம் அது. ஷார்ஜாவில் கட்டட வேலை செய்து, பாதிச் சம்பளத்தை ரொக்கமாகவும் மீதியை ஊருக்குப் போகும் நண்பர் கையிலும் அனுப்பியவரின் மனைவி துறையூரிலிருந்து என்ன ஆவணம் காட்டுவார்? வங்கிப் பணப்பரிமாற்றச் சீட்டு, வேலை ஒப்பந்தம், விசாப் பக்கம், முதலாளியின் கடிதம், தொழிலாளர் அட்டை ஆகியவற்றை முதல் சில மாதங்களிலேயே திரட்டிவிட வேண்டும். தாமதித்தால் முதலாளியே நாட்டைவிட்டுப் போயிருக்கக்கூடும். இந்த வேலையைச் செய்வதுதான் அவர் பக்கத்து வழக்கறிஞரின் முதற்கடமை.

கையெழுத்துக்கு முந்தைய வாரங்கள்

விபத்துக்குப் பின் உடனடிச் செலவுக்கு முன்பணம் தருவதை மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் 28-ஆம் உறுப்பு எதிர்பார்க்கிறது. 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோடு விபத்தில் இறந்த பெரியவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சமும், 2025 ஜூன் 12 அகமதாபாத் ஏர் இந்தியா விபத்துக்குப் பின் 25 லட்சமும் இடைக்கால உதவியாக அறிவிக்கப்பட்டன. இதை வாங்கிக்கொள்வதால் வழக்கு உரிமை போகாது. இறுதித் தொகையில் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவே. ஆனால் “முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி யார் மீதும் கோரிக்கை இல்லை” என்ற வாசகத்தில் கையெழுத்திட்டால் கதவு மூடிவிடும். விமான நிறுவனத்துக்கு மட்டுமல்ல, விமானத்தைத் தயாரித்த நிறுவனத்துக்கும் சேர்த்து.

அகமதாபாத் விபத்துக்குப் பின், குடும்பங்களின் பொருளாதாரச் சார்பு பற்றிக் கேட்கும் படிவங்கள் நிரப்பச் சொல்லப்படுகின்றன என்று பிரிட்டன் வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள். ஏர் இந்தியா மறுத்தது. எது எப்படியானாலும், மையவாடியிலிருந்து வந்த ஈரம் காயாத வீட்டில் தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டிய காகிதங்கள் அல்ல இவை.

அமெரிக்கா இதற்கு 1996-ல் ஒரு வழி செய்தது. விபத்துக் குடும்ப உதவிச் சட்டப்படி, அழைக்காமல் எந்த வழக்கறிஞரும் குடும்பத்தை முதல் 30 நாட்கள் அணுகக் கூடாது. 2000-ல் அது 45 நாளானது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர்களுக்கும் இந்தத் தடை உண்டு. அங்கே வென்றால் மட்டும் கூலி என்ற முறை நடப்பில் இருப்பதால், மூன்றில் ஒரு பங்கு வரை கொடுத்தாலும் கையில் காசில்லாத குடும்பத்துக்குத் திறமையான வழக்கறிஞர் கிடைக்கிறார்.

இந்தியாவில் நிலைமை வேறு. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யவும் கட்சிக்காரரைத் தேடிப் போகவும் பார் கவுன்சில் விதிகள் தடை விதிக்கின்றன. தீர்ப்புத் தொகையில் சதவீதம் பேசுவதும் தடை. விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் அப்படிக் கட்டணம் கேட்டதை உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் கடுமையாகக் கண்டித்தது. வெளிநாட்டு வழக்கறிஞர்கள் பற்றிய கேள்விக்குச் சென்னை உயர் நீதிமன்றம்தான் வழிகாட்டியது. ஏ.கே. பாலாஜி வழக்கில் 2012 பிப்ரவரியில், அவர்கள் அவ்வப்போது வந்து தங்கள் நாட்டுச் சட்டம் குறித்து ஆலோசனை சொல்லலாம், இங்கே தொழில் நடத்த முடியாது என்று அது தீர்ப்பளித்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அந்த வருகை தற்செயலானதாக இருக்க வேண்டும், வழக்கமாகிவிடக் கூடாது என்று இறுக்கியது.

ஆகவே விமானத் தயாரிப்பாளர் மீது அமெரிக்காவில் வழக்குப் போட நினைக்கும் இந்தியக் குடும்பத்துக்கு இரண்டு வழக்கறிஞர்கள் தேவை, அங்கே ஒருவர், இங்கே ஒருவர். 2025 செப்டம்பரில் அகமதாபாத் பயணிகள் நால்வரின் குடும்பங்கள் டெலாவேர் நீதிமன்றத்தில் போயிங், ஹனிவெல் நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கு அத்தகையது. இந்தியாவிலேயே நடத்துங்கள் என்று போபாலுக்குச் சொன்ன பதிலை இவர்களும் எதிர்கொள்ள நேரலாம்.

காயமில்லாத பயம்

2018-ல் சுவரை இடித்துத் தப்பிய 130 பேரின் நிலை என்ன? வார்சா ஒப்பந்தத்தைப் போலவே மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் 17-ஆம் உறுப்பும், மரணத்துக்கும் உடல் காயத்துக்கும் மட்டுமே பொறுப்பைச் சொல்கிறது. 1983-ல் மியாமியிலிருந்து கிளம்பிய விமானம் ஒன்றின் மூன்று எஞ்சின்களும் நின்று, கடலில் இறங்கப் போகிறோம் என்று அறிவித்தபின் ஓர் எஞ்சின் உயிர்பெற்றுத் தரையிறங்கியது. வெறும் மனப்பயத்துக்கு இழப்பீடு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-ல் முடிவு செய்தது. ஆனால் 2022 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வேறு பாதையைத் திறந்தது: மருத்துவச் சான்றுள்ள மனப் பாதிப்பு, உடல் காயத்துடன் சேராமல் வந்தாலும் இழப்பீட்டுக்கு உரியது. மீண்டும் விமானம் ஏறவே முடியாமல் வளைகுடா வேலையை விட்டுவிடும் ஒருவருக்காக இந்திய நீதிமன்றத்தில் இந்த வாதத்தை யாராவது ஒருநாள் எடுத்து வைக்க வேண்டும்.

திருச்சியில் இருக்கும் வழிகள்

வழக்குப் போட எந்த ஊருக்குப் போவது என்ற குழப்பத்துக்கு விடை எளிது. பயணியின் நிரந்தர இருப்பிடம் இருக்கும் நாட்டிலேயே வழக்குத் தொடரும் உரிமையை மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் 33-ஆம் உறுப்பு தருகிறது. விமான நிறுவனம் அங்கே சேவையும் அலுவலகமும் நடத்த வேண்டும். திருச்சியிலிருந்து போய்வரும் பயணச்சீட்டு எடுத்தவருக்கு, சட்டத்தின் கண்ணில் சேருமிடமே திருச்சிதான்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை இன்னும் அருகில் கொண்டுவந்திருக்கிறது. இறந்தவரின் வாரிசு தான் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம். எந்த அடுக்கு ஆணையம் என்பதைக் கோரும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, செலுத்திய கட்டணமே தீர்மானிக்கிறது. இந்த ஏற்பாடு செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விமானக் கட்டணம் ஆயிரங்களில்தான் இருக்கும். ஆகவே கோடிக்கணக்கில் இழப்பீடு கேட்கும் ஸ்ரீரங்கத்துக் குடும்பமும் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் படியேறலாம். இழப்பீட்டின் அளவுகோல் மாண்ட்ரியல் ஒப்பந்தம்தான். மாறுவது கேட்கும் இடம் மட்டுமே. மங்களூர்க் குடும்பம் டெல்லிக்குப் போனது பழைய சட்டத்தின் கீழ்.

வழக்கறிஞர் செலவுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவில், பெரும் விபத்தில் பாதிக்கப்பட்டவரை இலவச உதவிக்கு உரியவர்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. திருச்சி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு இயங்குகிறது. மேல்முறையீடுகளுக்கு 2004 முதல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. 1979-ல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரி ஊருக்குள் இருக்கிறது. ஸ்ரீரங்கம் வட்டத்து நாவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2013 முதல் நடக்கிறது. இவ்வளவு சட்ட நிறுவனங்களும் பன்னாட்டு விமான நிலையமும் ஒரே மாவட்டத்தில் அமைந்த ஊர்கள் நாட்டில் அதிகமில்லை.

இல்லாதது இவற்றை இணைக்கும் ஏற்பாடு. விமானச் சட்டத்தில் பயிற்சி பெற்ற வழக்கறிஞர் குழு ஒன்றை மாவட்ட ஆணைக்குழு முன்கூட்டியே அமைத்து வைக்கலாம். பல்கலைக்கழகச் சட்ட உதவி மையம், வாரிசுச் சான்றிதழ் முதல் வெளிநாட்டுச் சம்பள ஆவணம் வரை என்னென்ன திரட்ட வேண்டும் என்று தமிழில் ஒரு கையேடு தயாரிக்கலாம். விமான நிலையத்தின் நெருக்கடிகாலத் திட்டத்தில் ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் இடம் இருப்பதுபோல் சட்ட உதவி வழக்கறிஞருக்கும் ஓர் இடம் வேண்டும். முழு விடுவிப்புப் பத்திரம் எதுவும், நிறுவனத்தைச் சாராத ஒரு வழக்கறிஞர் விளக்கிச் சொன்னபின் மட்டுமே செல்லும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரு விதி கொண்டுவர வேண்டும்.

இவற்றில் எதுவும் நிகழாவிட்டாலும் ஒரு கெடு மட்டும் தவறாமல் வந்து சேரும். விமானம் சேர வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் விமான நிறுவனத்தின் மீதான உரிமை அற்றுப்போகும் என்கிறது மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் 35-ஆம் உறுப்பு. 2014 மார்ச் 8 அன்று காணாமல்போன மலேசிய விமானத்தின் குடும்பங்கள், உறவினர் இறந்ததை மனம் ஏற்காமலேயே, 2016 மார்ச்சில் நீதிமன்றங்களுக்கு ஓடியது இதனால்தான். அகமதாபாத் விபத்துக்கு அந்தக் கெடு 2027 ஜூன் மாதம் முடிகிறது. அந்த விபத்தில் ஒருவரை இழந்து, இன்னும் வழக்கறிஞர் ஒருவரைக்கூடப் பார்க்காத குடும்பம் எந்த ஊரில் இருந்தாலும், தன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக மனுக் கொடுக்க இன்றே உரிமை உண்டு.